ஆடிட்டர் குமரப்பாவின் வேதம்

நாக்பூருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஊரிலிருந்து யார் வந்தாலும் சேவாகிராமத்துக்கு அழைத்துப் போய்விடுவோம். காந்தி இருந்த குடிசையைப் பார்த்து, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு எல்லாரும் திரும்பிவிடுவார்கள். பக்கத்தில் வார்தா ஊருக்குள்ளேயே மகன்வாடி என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே பல வருடங்கள் ஒரு தஞ்சாவூர்க்காரர் செக்கு, காகிதம், தேனீ, சோப்பு என்று உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால், "அப்படியா, யாரு?" என்றுதான் கேட்கிறார்கள். ஜே. சி. குமரப்பா. நம் தொழில்காரர், அதாவது கணக்குப் பார்ப்பவர். பி.காம். படித்த எவருக்கும் அவர் மேல் ஒரு தனிப் பாசம் வரவேண்டும் என்பது என் கட்சி.

பிறந்தது 1892ல், தஞ்சாவூரில். ஞானஸ்நானப் பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். (வேதாகமத்தில் பேதுருவைத் தன் வீட்டுக்கு வரவழைத்த ரோம நூற்றுக்கு அதிபதியின் பெயர் கொர்னேலியு. ஞாயிறு பள்ளிக்குப் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.) அப்பா பொதுப்பணித் துறை அதிகாரி. அம்மா எஸ்தர் ராஜநாயகம். பிரார்த்தனையும் ஒழுங்கும் கண்டிப்புமான வீடு. 1912ல் லண்டன் போய்க் கணக்காளர் படிப்பு முடித்து, அங்கேயே வேலையும் பார்த்தார். அம்மா விடாமல் கூப்பிட்டதால் 1919ல் திரும்பி வந்து, பம்பாயில் கூட்டாளியோடு ஆடிட் கம்பெனி நடத்தினார். நல்ல வருமானம், சூட்டு, டை. பிறகு அமெரிக்கா. சிராக்யூஸில் வணிக நிர்வாகம், கொலம்பியாவில் பொது நிதி.

கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மனிடம் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது, அதில் அரசாங்க நிதி நிர்வாகத்தின் பங்கு என்ன என்பது. வரவு செலவுத் திட்டங்களைப் புரட்டப் புரட்ட, ராஜ விசுவாசியாகக் கப்பலேறிய மனிதர் வேறொருவராக ஆகிவிட்டார். அந்தக் கையெழுத்துப் பிரதியோடுதான் 1929 மே மாதம் சபர்மதிக்குப் போனார். மெழுகிய தரையில் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்த கிழவர்தான் காந்தி என்று தெரிந்ததும், பட்டு சூட்டோடு தானும் தரையில் உட்கார்ந்துவிட்டார் என்பது பலரும் சொல்லும் கதை. காந்தி அந்த ஆராய்ச்சியை 'யங் இந்தியா'வில் தொடராகப் போட்டார். மனிதரையும் விடவில்லை. குஜராத்தில் மாத்தர் தாலுகா கிராமங்களின் வரவு செலவைக் கணக்கெடுக்கச் சொன்னார். குஜராத்தி ஒரு வார்த்தை தெரியாத ஆடிட்டர், வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். கொர்னேலியஸ் போய் முன்னோர் பெயரான குமரப்பா வந்ததும் இந்தக் காலத்தில்தான்.

பெயரை மாற்றினாரே தவிர வேதத்தை மாற்றவில்லை. கடைசிவரை கிறிஸ்தவர்தான். எனக்கு அவரிடம் பிடித்த விஷயமும் இதுதான். விசுவாசத்தைக் கோயிலுக்கு மட்டும் கொண்டுபோகாமல் பேரேட்டுக்குள் கொண்டுவந்தார்.

பீகார் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1934 ஜனவரி 15ல் பெரும் பூகம்பம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் கமிட்டி; நாடெங்கிலுமிருந்து பணம் கொட்டுகிறது. கணக்கைப் பார்க்கக் குமரப்பாவைப் பிடித்துப் போட்டார்கள். தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு ஒரு நாளைக்கு மூன்றணா, அதற்கு மேல் கிடையாது என்று விதி வைத்தார். (பதினாறு அணா ஒரு ரூபாய், குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.) அப்போது கமிட்டிக் கூட்டத்துக்காக காந்தி தன் பரிவாரத்தோடு பாட்னா வந்தார். பால், பழம், கார், பெட்ரோல் எல்லாம் உண்டு. குமரப்பா நேராக மகாதேவ் தேசாயிடம், இந்தச் செலவை நிவாரண நிதியிலிருந்து தரமுடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். விஷயம் காந்தி காதுக்குப் போயிற்று. கூப்பிட்டுக் கேட்டார். இது இடிந்த வீட்டுக்காரனுக்காக ஜனங்கள் கொடுத்த பணம் என்று இவர் விளக்க, காந்தி ஒத்துக்கொண்டார். இன்னொரு நாள் காந்தி பார்க்க விரும்பியபோது, முன்னால் நேரம் கேட்கவில்லை, கணக்கு முடிக்கும் அவசரத்தில் இருக்கிறேன், இன்று முடியாது என்றாராம்!

இருபது வருடமாக வங்கியில் குப்பை கொட்டும் எனக்கு இதன் அருமை தெரியும். எங்கள் தொழிலில் வவுச்சர் இல்லாத செலவு கிடையாது. ஆனால் வவுச்சர் இருந்துவிட்டால் எந்தச் செலவும் சரி என்ற புத்தியும் கூடவே வந்துவிடும். குமரப்பா வவுச்சருக்குப் பின்னால் ஒரு முகத்தைப் பார்த்தார். அதற்கு நேர்மை மட்டும் போதாது, கற்பனையும் வேண்டும். பாட்னா ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, பெட்ரோல் பில்லில் இடிந்த வீட்டைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதே கண்ணோடுதான் 1931ல் காங்கிரஸ் அமைத்த பொதுக்கடன் கமிட்டியிலும் வேலை செய்தார். 1857 எழுச்சியை அடக்கிய செலவும் ஆப்கான் யுத்தச் செலவும் இந்தியாவின் கடன் என்று எழுதி வைத்திருக்கிறார்களே, இதை யார் கட்டவேண்டும் என்று கேட்ட அறிக்கை அது.

சபையோடும் மோதினார். சட்டமறுப்பு கிறிஸ்துவின் வழிக்கு ஏற்றதல்ல என்று 1930ல் இந்திய ஆங்கிலிகன் சபையின் தலைமை பிஷப் வெஸ்ட்காட் கருத்துச் சொல்ல, மலைப்பிரசங்கத்தை வைத்தே பதில் எழுதினார் குமரப்பா. அடிக்காமல் அடிவாங்கும் ஜனங்களைப் பார்த்துச் சபை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே அவர் கேள்வி. பிஷப்பை எதிர்த்து எழுதுவது அன்றைய கிறிஸ்தவக் குடும்பங்களில் எவ்வளவு பெரிய காரியம் என்பது நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டவர்களுக்குப் புரியும்.

1942 இயக்கத்தை ஒட்டி மறுபடி சிறை. ஜபல்பூர் சிறையில் எழுதிய இரண்டு புத்தகங்கள் 1945ல் வெளிவந்தன. ஒன்று இயேசுவின் நடத்தையையும் போதனையையும் பற்றியது; மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். தோப்பில் நடாமல் பறித்துத் தின்னும் குரங்கு, கூட்டுக்காக உழைக்கும் தேனீ, எதையும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப் பறவை என்று இயற்கையிலிருந்தே பொருளாதாரத்தைப் படிப்படியாக வகுக்கிறார். அவர் எழுத்தில் கொக்கோ உதாரணம் ஒன்று வருகிறது. ஆப்பிரிக்கத் தோட்டத்தில் கட்டாய உழைப்பில் விளைந்த கொக்கோவை வாங்கிக் குடிப்பவன் அந்தக் கொடுமைக்கும் பங்காளி என்கிறார். 'நியாய வணிகம்' என்ற முத்திரையை சூப்பர் மார்க்கெட்டில் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தெரியாது. அவர் இதை எழுதியது எப்போதோ! காந்தி இவருக்கு கிராமத் தொழில் டாக்டர், தெய்வீக டாக்டர் என்று இரண்டு பட்டங்கள் கொடுத்தார். எந்த யூனிவர்சிட்டி என்று கேட்கக்கூடாது.

அவர் சொன்ன எல்லாமும் எனக்கு உடன்பாடில்லை. டிராக்டரை அவ்வளவு எதிர்த்திருக்க வேண்டுமா? மில் அரிசி வேண்டாம் என்ற பிரசாரத்தை மட்டும் சர்க்கரை நோய் வந்தபின் எங்கள் வீடு முழுமனதாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. கோபக்காரர், கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் கமிட்டிக்குத் தலைமை தாங்கி, குத்தகைக்காரனுக்காக அறிக்கை கொடுத்தார். டெல்லி பெரிய ஆலைகளின் பக்கம் போய்விட்டது. பதவி எதுவும் தேடாமல், உடம்பு முடியாத நிலையில் மதுரைக்குப் பக்கத்தில் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே தன் அறையில் ஒரு ஏழைக் குடியானவர் படத்தை மாட்டி வைத்து, காந்தி என் எஜமான், இவர் எஜமானுக்கு எஜமான் என்று வருகிறவர்களுக்கு அறிமுகம் செய்வாராம்.

1960 ஜனவரி 30ல் சென்னையில் காலமானார். காந்தி இறந்த அதே தேதி.