நூறாம் மாதிரி

ஜப்பானியத் தரைப்படை 1940-ம் வருஷம் ஒரு சிறு இயந்திரத் துப்பாக்கிக்கு 'நூறாம் மாதிரி' என்று பெயர் வைத்தது. நூறு தினுசு செய்து பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை. அவர்களுடைய சாம்ராஜ்யக் கணக்கில் அது 2600-வது ஆண்டு. அந்தக் கடைசிச் சைபர்களைக் கொண்டு தரைப்படை தன் ஆயுதத்தை நூறு என்றது. கடற்படை தன் சண்டை விமானத்தைச் சைபர் என்றது. சைபரை உலகம் முழுவதும் அறியும். நூறைக் கேள்விப்பட்டவர்கள் சொற்பம்.

செய்ததே சொற்பந்தான். யுத்த காலத்தில் பிரிட்டிஷார் சுமார் 40 லட்சம் ஸ்டென் துப்பாக்கிகளைச் செய்து குவித்தார்கள். ருஷ்யர்கள் அதையும் மிஞ்சினார்கள். ஜப்பானின் நூறாம் மாதிரியோ 30,000-ஐக்கூட எட்டவில்லை.

இதை உருவாக்கிய கம்பெனி கிஜிரோ நம்பு என்ற ராணுவ நிபுணருடையது. பெயர் நம்பு, ஆனால் தளபதிகள்தான் நம்பவில்லை! குறி பார்த்துச் சுடுவதும், நெருங்கியதும் பயனெட்டால் குத்துவதும்தான் வீரம் என்பது அவர்கள் சித்தாந்தம். சடசடவென்று குண்டுகளை இறைப்பது அவர்களுக்கு ஊதாரித்தனமாகப் பட்டது. இதற்குச் சாட்சி துப்பாக்கியிலேயே இருக்கிறது. 30 குண்டுகள் கொண்ட வளைந்த மாகஸின் இடப்பக்கம் செருகப்பட்டிருக்க, குழலுக்கு அடியில் 16 அங்குல பயனெட்டை மாட்டவும் வசதி செய்திருந்தார்கள். அதன் 8 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் குண்டும் பலம் குறைந்தது. 1944-ல்தான் விழித்துக்கொண்டு, நிமிஷத்துக்குச் சுமார் 450 குண்டு சுட்டதை 800 சுடும்படி திருத்தினார்கள். அதற்குள் இரும்புக்கே பஞ்சம் வந்துவிட்டது.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் மேட்டில் நின்று கீழே சேலத்துச் சமவெளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மலாயா ஞாபகம் வரும். கங்காணிகளின் பேச்சை நம்பி ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் சேலம் ஜில்லாக்காரர்களும் உண்டு. 1938-ல் இந்திய சர்க்கார் அந்த ஆள்பிடிப்பை நிறுத்தியது, போனவர்கள் போனவர்கள்தான்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மறு வருஷம் ஜூலையில் சுபாஷ் போஸ் வந்து அழைத்ததும் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். நேற்றுவரை துரைக்குக் கைகட்டி நின்றவன் தோளில் துப்பாக்கி ஏறியது. எந்தத் துப்பாக்கி? பெரும்பாலும் பிரிட்டிஷார் சரணடைந்தபோது போட்டுவிட்டுப் போன பழைய சரக்கு. தன் சிப்பாய்க்கே நூறாம் மாதிரியைக் கொடுக்க முடியாத ஜப்பான் இவர்களுக்கா கொடுக்கும்?

1944-ல் இம்பால் எல்லையில், வெள்ளைக்காரன் கொடியின் கீழ் எதிரே நின்ற இந்தியச் சிப்பாய்களிடம் அமெரிக்க டாமி கன் இருந்தது. அவர்கள் தலைக்குமேல் விமானம் அரிசியும் ரவையும் போட்டது. இந்தப் பக்கத்தில் மழை, மலேரியா, பட்டினி. துப்பாக்கி ஒன்று மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கூட்டாளியின் கஜானா எவ்வளவு காலி என்பது அவர்களிடம் யாரும் சொல்லாத செய்தி.

இன்று நூறாம் மாதிரி அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடையே அபூர்வப் பொருள். ஏலத்தில் பெரும் விலை போகிறது. மலாயாவுக்குத் திரும்பிய தமிழர்கள் பலர் 1945-க்குப் பிறகு, அதே துரைகளின் தோட்டத்தில், மறுபடியும் பால் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தார்கள்.