வகுத்துப் பார்க்காமலே மீதி வருமானு சொல்லிடலாம்.. போட்டித் தேர்வுக்குக் கைகொடுக்கும் ஈஸி விதிகள்!

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 கேள்விகள். நேரம் 3 மணி நேரம். அதாவது ஒரு கேள்விக்குக் கிடைப்பது வெறும் 54 விநாடிகள்தான். இதில் 25 கேள்விகள் திறனறிவுப் பகுதியில் இருந்து வரும். கால்குலேட்டருக்கு அனுமதி கிடையாது. ஒரு பெரிய எண்ணை நீளமாக வகுத்துக்கொண்டிருந்தால், அடுத்த கேள்விக்கான நேரமும் போய்விடும். பள்ளியில் படித்த வகுபடும் தன்மை விதிகள் கைகொடுப்பது இங்கேதான்.

4752 என்ற ஒரே எண்ணை வைத்து எல்லா விதிகளையும் பார்க்கலாம்.

கடைசி இலக்கம் போதும்: 2, 5, 10

கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் 2ஆல் வகுபடும். 0 அல்லது 5 என்றால் 5ஆல் வகுபடும். 0 என்றால் 10ஆல் வகுபடும். 4752-இன் கடைசி இலக்கம் 2. எனவே 2ஆல் வகுபடும். 5, 10ஆல் வகுபடாது.

4-க்கு இரண்டு, 8-க்கு மூன்று

100 என்பது 4ஆல் மீதியின்றி வகுபடும். அதனால் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் பார்த்தால் போதும். 52 வகுபடுகிறது, எனவே 4752-உம் வகுபடும். இதேபோல 1000 என்பது 8ஆல் வகுபடுவதால், 8-க்குக் கடைசி மூன்று இலக்கங்கள். 752 = 8 × 94. சரியாக வருகிறது.

3, 9: கூட்டினால் போதும்

4+7+5+2 = 18. இது 3, 9 இரண்டாலும் வகுபடுவதால் 4752-உம் வகுபடும். இது எப்படி வேலை செய்யுது? 10 என்பது 9+1, 100 என்பது 99+1, 1000 என்பது 999+1. இதில் 9, 99, 999 எல்லாம் 9ஆல் போய்விடும். மிஞ்சுவது இலக்கங்களின் கூட்டுத்தொகை மட்டுமே.

11-க்கு ஒன்றுவிட்டு ஒன்று

ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்ட வேண்டும். 4+5 = 9, 7+2 = 9. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0 அல்லது 11-இன் மடங்காக இருந்தால் வகுபடும். இங்கே 0, எனவே 11ஆலும் வகுபடும்.

7-க்கு மட்டும் கொஞ்சம் வேலை

கடைசி இலக்கத்தை இரட்டிப்பாக்கி, மீதமுள்ள எண்ணில் இருந்து கழிக்க வேண்டும். 475 - 4 = 471. மறுபடியும் 47 - 2 = 45. இது 7ஆல் வகுபடாது, எனவே 4752-உம் வகுபடாது.

பலரும் சறுக்கும் இடம்

2, 3 இரண்டாலும் வகுபட்டால் 6ஆல் வகுபடும். இதை வைத்து, '4, 6 இரண்டாலும் வகுபட்டால் 24ஆல் வகுபடும்' என நினைத்தால் மார்க் போச்சு. 36-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4ஆலும் வகுபடும், 6ஆலும் வகுபடும். ஆனால் 24ஆல் வகுத்தால் மீதி 12. காரணம், 4-க்கும் 6-க்கும் 2 என்ற பொதுக் காரணி இருக்கிறது. 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத ஜோடியாகத்தான் பிரிக்க வேண்டும். 24-க்கு 3, 8. 12-க்கு 3, 4. 18-க்கு 2, 9.

கேள்வி எப்படி வரும்?

'53*4 என்ற எண் 9ஆல் வகுபட்டால், * இருக்கும் இடத்தில் எந்த இலக்கம் வரும்?' 5+3+4 = 12. அடுத்த 9-இன் மடங்கு 18. எனவே விடை 6. பேனாவே தேவையில்லை.

பழகுவதற்குத் தனியாகப் புத்தகமும் வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது முன்னால் இருக்கும் வண்டியின் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். பச்சை விழுவதற்குள் 3, 4, 9, 11 நான்கையும் சோதித்துவிட முடிந்தால், தேர்வு அறையில் அந்த 54 விநாடிகள் தாராளமாகவே இருக்கும்.