சிறுநீரக நோயாளியின் தட்டில் கோழிக்கறி: தடையா, அளவா?

சிறுநீரகம் பழுதடைந்திருக்கிறது என்று தெரிந்த நாளிலேயே பல வீடுகளில் கோழிக்கறி நின்றுவிடுகிறது. டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் அந்தத் தடை அப்படியே தொடர்கிறது. முதல் கட்டத்தில் அதற்கு ஓரளவு நியாயம் உண்டு. இரண்டாவது கட்டத்திலோ அது நோயாளியின் தசையைக் கரைத்து, உடலைத் தளர்த்திவிடுகிறது. நோயின் கட்டம், கறியின் அளவு, சமைக்கும் முறை ஆகியவற்றைப் பார்க்காமல் பொதுவாகத் தடை சொல்வது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையின் 2020 வழிகாட்டுதல், டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் நீரிழிவு இல்லாத நோயாளி, மருத்துவர் கண்காணிப்பில், உடல் எடையில் கிலோவுக்கு 0.55 முதல் 0.60 கிராம் புரதம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. டயாலிசிஸில் இருப்பவருக்கு அதே ஆவணம் 1.0 முதல் 1.2 கிராம் வரை சொல்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் நிலையில் நாளொன்றுக்கு 33 முதல் 36 கிராம்; டயாலிசிஸில் 60 முதல் 72 கிராம். வேகவைத்த, தோல் நீக்கிய நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 31 கிராம் புரதம் இருக்கிறது. சோறும் பருப்பும் தரும் புரதத்தையும் கூட்டினால், முன்னவருக்கு ஓரிரு சிறு துண்டுகளுக்குத்தான் இடம். பின்னவருக்கோ அந்த 100 கிராமும் தேவைப்படலாம். ஒவ்வொரு முறை ரத்தம் சுத்திகரிக்கப்படும்போதும் பல கிராம் அமினோ அமிலங்கள் வெளியேறிவிடுகின்றன.

செவ்விறைச்சியான ஆட்டுக்கறியையும் கோழியையும் ஒரே தராசில் வைப்பதும் சரியல்ல. 63,000-க்கும் மேற்பட்ட சிங்கப்பூர்ச் சீனர்களைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியான ஆய்வில், செவ்விறைச்சியை அதிகம் உண்டவர்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு கூடுதலாக இருந்தது. கோழிக்கறியில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. பன்றி இறைச்சியே அங்கு செவ்விறைச்சியில் பெரும்பகுதி என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுப்பங்கரையில்தான் பாதி வேலை இருக்கிறது. கறியைச் சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மசாலாவில் புரட்டினால், பழுதான சிறுநீரகம் வெளியேற்றத் திணறும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கணிசமாகக் குறைகின்றன. புரதம் பெரும்பாலும் கறியிலேயே தங்குகிறது. உடம்பு தேறட்டும் என்று அன்போடு கொடுக்கும் கோழி சூப்பில் நடப்பது இதற்கு நேர்மாறானது: கொட்ட வேண்டிய தண்ணீரே கிண்ணத்துக்கு வந்துவிடுகிறது. நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவருக்கு அது இரட்டைச் சுமை. சோடியம் குறைந்த உப்பும் எச்சரிக்கைக்குரியது. அத்தகைய உப்புகளில் பல, சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்தவை.

கடையில் கண்ணெதிரே வெட்டித் தரும் கறிக்கும் உறைநிலைப் பொட்டலத்துக்கும் உள்ள வேறுபாடு இன்னும் பெரிது. அமெரிக்கச் சந்தையில் எடுத்த இறைச்சி மாதிரிகளை 2009-இல் ஆராய்ந்தபோது, சேர்மானம் குறிப்பிடப்பட்டவற்றில் புரதத்தோடு ஒப்பிட்ட பாஸ்பேட்டின் அளவு சராசரியாக 28 விழுக்காடு கூடுதலாக இருந்தது. கறியில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதியையே குடல் உறிஞ்சுகிறது. சேர்க்கப்பட்ட பாஸ்பேட்டோ பெரும்பாலும் முழுமையாக ரத்தத்தில் சேர்கிறது. நகெட்ஸ், சாசேஜ் வாங்குவோர் பொட்டலத்தின் பின்புறத்தில் 450, 451, 452 என்ற எண்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை பாஸ்பேட் சேர்மங்களின் குறியீடுகள்.