ஆய்வு முடிவுகளின் பொருத்தம்

ஓரிடத்து நோயாளிகளிடம் கண்ட சிகிச்சைப் பயன் வேறோர் இடத்தாரிடமும் அவ்வண்ணமே விளையுமா என்று வைத்தியர் ஆராய்ந்து துணிவது, ஆய்வு முடிவின் பொருத்தம் காண்டலாம். ஆய்வு பிழையற்றதா என்னும் வினா இதனின் வேறு.

இதற்குச் சென்னையின் க்ஷயரோக ஆராய்ச்சியினும் சிறந்த உதாரணம் காண்டல் அரிது. ஓய்வும் புஷ்டியான ஆகாரமும் தூய காற்றும் வாய்ந்த சானடோரியமே இந்நோய்க்குப் புகலிடம் என்று மேனாட்டார் நெடுங்காலம் கருதியிருக்க, நோயாளிகளின் தொகையை நோக்கின் படுக்கைகள் மிகச் சொற்பமாயிருந்த இந்நாட்டில், 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கூடிச் சேத்துப்பட்டில் நிறுவிய நிலையம், நகரத்து ஏழை நோயாளிகளுள் ஒரு சாராரை வீட்டிலும் மற்றொரு சாராரைச் சானடோரியத்திலும் வைத்து, இரு திறத்தார்க்கும் ஐசோனியாசிட், பாஸ் என்னும் மருந்துகளையே ஓராண்டு அளித்தது. அரைவயிற்று உணவும் நெருக்கடியான குடியிருப்புமே வாய்த்த வீட்டு நோயாளிகளில் நூற்றுக்கு 86 பேருக்கும், சானடோரியத்தில் 92 பேருக்கும் நோய் அடங்கிற்று. உடனுறைந்தார்க்குத் தொற்றும் மிகவில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் அவசியத்தைக் குறைத்தது. ஆயின், முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணியும், சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று அறிந்தும் உழைத்த ஊழியர்களையும் சேர்த்தே அந்த 86-ஐ எண்ணவேண்டும். அவர்களை விடுத்து எண்ணை மட்டும் எடுத்துச் செல்வோர் ஏமாறுவர்.

இடத்துக்கு இடம் பயன் வேறுபடுதல் நீரிழிவுத் தடுப்பிலும் புலனாகும். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஆகார, நடைப் பழக்கங்களின் மாற்றம் நோய் வருதலை நூற்றுக்கு 58 பங்கு குறைத்தது. 2006-இல் வெளியான சென்னை ஆய்விலோ அது 28.5 பங்கே. அமெரிக்காவில் நாளொன்றுக்கு 1700 மில்லிகிராம் அளித்த மெட்பார்மின் என்னும் மருந்து, இங்கு 500 மில்லிகிராமிலேயே பயன் தந்தது. அங்குள்ளாரினும் மெலிந்த உடலினரே இங்கு ஆய்வில் இருந்தனர்.

சென்னையின் இந்த நீரிழிவு ஆய்வும் செட்டிநாட்டுக்கு முற்றும் உரியதாகிவிடாது. அதில் சேர்ந்தோர் பெரும்பாலும் நகரத்து உத்தியோகஸ்தரும் அவர் குடும்பத்தாருமாவர். செட்டிநாட்டுக் காரைக்குடியின் வைத்தியரிடம், சாக்கோட்டைப் பக்கத்து வயல்களில் நாளெல்லாம் நடந்து உழைப்பவளும் வருவாள். பர்மாப் பணத்தில் எழுந்த பெருவீட்டில், மக்கள் வெளியூர் சென்றுவிட, தனித்திருக்கும் ஆச்சியும் வருவார். நடக்கச் சொல்லும் அறிவுரை முன்னவளுக்கு மிகை. பின்னவருக்கோ, நடையைவிட, மருந்து வேளையை நினைவூட்ட அவ்வீட்டில் யார் உளர் என்பதையே வைத்தியர் முதலில் வினவவேண்டும்.