மணலியில் கேட்ட மேலையிசை: நோட்டு சுவரங்கள் காட்டும் கல்வி

வடசென்னை மணலி இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வூரின் வேங்கடகிருஷ்ண முதலியார், இராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்தார். கும்பினியாரோடு தொடர்புடைய அவர், தீட்சிதரின் மைந்தர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்றார் என்றும், அவர்கள் அங்கு ஆங்கிலேயர் பேண்டு இசையைக் கேட்டனர் என்றும் மரபுவழிச் செய்தி உண்டு. பாலுசுவாமி ஐரோப்பியரிடம் வயலின் பயின்றார். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) மேலை மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். இவையே நோட்டு சுவரங்கள். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்தது.

இவற்றை 'மேலைத் தாக்கம்' என்று கடந்துவிடுவது போதாது. மேலையிசைக் கூறுகளுள் எவை ஏற்கப்பட்டன, எவை விடப்பட்டன என்பதே ஆராயத்தக்கது. மேஜர் ஸ்கேலின் சுரங்கள் சங்கராபரணத்தோடு பொருந்தின; மும்மை நடை திஸ்ரத்தில் அடங்கியது. இவ்வளவும் எளிது. ஆனால் கமகத்தை உயிராகக் கொண்ட இராகத்தைக் கமகமின்றி, சுரங்களை நேராக நிறுத்திப் பாடச் செய்தமை அயலிசையின் இயல்பைக் கூர்ந்து கேட்ட செவியைக் காட்டுகிறது. இதனைத் தாக்கம் என்பதினும் கல்வி என்பதே தகும். எனினும் பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் ஹார்மனி இங்குப் புகவில்லை. மெட்டு மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது.

வயலினுக்கும் இதுவே நேர்ந்தது. மேலைநாட்டில் நான்கு வெவ்வேறு சுரங்களுக்குக் கூட்டப்படும் தந்திகள் கருநாடக இசையில் ச–ப–ச–ப ஆயின. பாலுசுவாமி பின்னர் எட்டயபுரம் அரசவை வித்துவானானார். தீட்சிதர் வரலாற்றில் திருவாரூரும் எட்டயபுரமும் விரிவாகப் பேசப்படுகின்றன. மணலி ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.