பெரம்பூர் வழியே வந்த நடிகர்

நடிகர் நாகேஷ் ஒருகாலத்தில் ரயில்வே குமாஸ்தாவாயிருந்தவர். அதே ரயில்வேயின் வேறொரு வாசலிலிருந்து, பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையிலிருந்து, திரைக்கு வந்தவர் தேங்காய் ஸ்ரீநிவாசன்.

1955-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்துவைத்து, சுவிட்சர்லாந்துக் கம்பெனி ஒன்றின் ஒத்துழைப்போடு ரயில் பெட்டிகளைக் கட்டத் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் உத்தியோகம் கிடைப்பதென்றால், அந்நாளைய நடுத்தரக் குடும்பத்தார்க்கு அது பெரும் பாக்கியம். அந்தப் பாக்கியம் கைக்கு வந்த பின்னும் மாலை வேளையில் ரயில்வே நாடக மன்றத்தை நாடிப் போனவருக்கு நடிப்பு பிதுரார்ஜிதம். 1937-இல் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த அவர் பால்யத்திலேயே சென்னைக்கு வந்துவிட்டார். அவருடைய தகப்பனார் ராஜவேல் நாடகக்காரர்; மகன் முதன்முதல் வேஷம் கட்டியதும் தந்தையின் 'கலாட்டா கல்யாணம்' நாடகத்தில்தான்.

பிறகு கே. கண்ணன் குழுவின் 'கல் மனம்' நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்தபோது, பார்க்க வந்திருந்த கே. ஏ. தங்கவேலு இனி இவரைத் தேங்காய் ஸ்ரீநிவாசன் என்றே அழைக்கவேண்டும் என்றார். ஸ்ரீநிவாசன்களுக்குப் பஞ்சமில்லாத சென்னையில் அது பெரிய உபகாரம்! 1965-இல் அவர் நடித்த 'ஒரு விரல்' படம் வெளிவந்தது. அதன்பின் ஜெய்சங்கர் படங்களில் துணைவேஷங்கள் தொடர்ந்தன.

ஆனால் ஜனங்கள் அவரை முழுதாகக் கண்டுகொண்டது 1972-இல், ஏவி.எம். தயாரிப்பில் சித்ராலயா கோபு இயக்கிய 'காசேதான் கடவுளடா'வில். மெட்ராஸ் பாஷை பேசும் டீக்கடைக்காரன் காவி கட்டிக்கொண்டு சாமியாராகி, ஒரு பணக்கார வீட்டுக்குள் நுழைந்துவிடுகிற அந்தப் பாத்திரத்தில், அருள்வாக்குச் சொல்லும் கம்பீரத்துக்கும் அகப்பட்டுக்கொள்வோமோ என்ற திகிலுக்கும் இடையே அவர் குரல் ஏறி இறங்கும் சாமர்த்தியத்தை எந்தப் பள்ளியும் கற்றுக் கொடுத்திருக்க முடியாது; பெரம்பூர்த் தொழிலாளர்களின் பேச்சைத் தினமும் கேட்ட காது அதற்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

1974-இல் கிருஷ்ணன்-பஞ்சுவின் 'கலியுகக் கண்ணன்' அவரையே பிரதான பாத்திரமாக்கியது. பின்னாளில் சிவாஜி கணேசனை வைத்து 'கிருஷ்ணன் வந்தான்' எடுத்தார். அந்தப் படம் வந்த 1987-ஆம் ஆண்டிலேயே, நவம்பர் மாதம், ஐம்பது வயதில் காலமானார்.

எனினும் அவருடைய சிகரம் 1981-இல் பாலசந்தர் எடுத்த 'தில்லு முல்லு'தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. மீசையில்லாதவனை மதிக்காத முதலாளியாக வரும் அவர், ரஜினிகாந்தின் பொய்களைப் பரிகாசத்தின் சாயலே இல்லாமல் பக்தி சிரத்தையோடு நம்புகிறார். அந்த நம்பிக்கையினால்தான் பொய்கள் ஹாஸ்யமாகின்றன. இந்தி மூலமான 'கோல்மால்' படத்தில் அதே வேஷத்தை ஏற்ற உத்பல் தத்தும் வங்காள நாடக மேடையில் பழுத்தவரே. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் ரசிகர்கள், தத்தின் கோபத்தில் அதிகாரத்தையும் நம்மவர் கோபத்தில் வெகுளித்தனத்தையும் காண்பார்கள். என் ஓட்டு வெகுளித்தனத்துக்கே.