சவர்க்காரத்துக்கு ஆண்பால் உண்டோ?

கண்டியிலிருந்து வத்தேகமைக்குச் செல்லும் வீதியில், மடவளைக் கடைத்தெருவில் நின்று ஒரு பலசரக்குக் கடையை நோக்குவோமாயின், கண்ணாடித் தட்டுகளில் இரண்டு உலகங்கள் தென்படும். ஒரு தட்டில் செந்நிறமும் இளஞ்சிவப்பும் வெண்மையுமான சவர்க்காரக் கட்டிகள். மறு தட்டில் கருமையும் கடுநீலமும் பூண்ட போத்தல்கள். அவற்றின் நெற்றியில் ‘ஆண்களுக்கு’ என்ற முத்திரை. குளிப்பதற்கான திரவச் சவர்க்காரம் அது.

நமது இலக்கணத்தில் ஆண்பால், பெண்பால் என்ற பிரிவு உயர்திணைக்கு மட்டுமே உரியது. அஃறிணைக்கு உரியவை ஒன்றன்பாலும் பலவின்பாலுமே. உயிரற்ற ஒரு போத்தலுக்கு ஆண்பால் கொடுக்கத் தொல்காப்பியருக்குத் துணிவில்லை. வணிகருக்கு அந்தத் துணிவு இருக்கிறது. இத்துணிவு எங்ஙனம் பிறந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராயத் தூண்டியது என் வகுப்பறை. பத்தாம் வகுப்பு மாணவர் சிலர் ஒருநாள் இடைவேளையில் என்னைச் சூழ்ந்துகொண்டு, “சேர், தினமும் குளிக்க எந்தப் போத்தல் நல்லது?” என்று கேட்டனர். ஒவ்வொருவனும் தனக்குத் தெரிந்த பெயரைச் சொல்லி வாதாடினான். பின் வாங்கில் ஒருவன் மட்டும் பேசவில்லை. அயலிலுள்ள தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வருபவன் அவன். சில நாட்களுக்கு முன் நானே அவனைப் பார்த்து, “குளித்துவிட்டு வா” என்று எல்லோர் முன்னிலையிலும் கூறியிருந்தேன். மாணவரின் கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. நான் சொன்ன சொல்லின் பொருளும் அன்று எனக்குத் தெரியவில்லை.

சவர்க்காரம் வருமுன் நம் முன்னோர் அழுக்கோடு வாழ்ந்தனர் என எண்ணுவது பேதைமை. நல்லெண்ணெய் பூசி முழுகினர். எண்ணெயைப் போக்கச் சீயக்காயும் அரப்பும் பயற்றம்மாவும் இருந்தன, தேசிக்காய் இருந்தது, உடம்பு தேய்க்கத் தேங்காய்த் தும்பும் பீர்க்கங்கூடும் இருந்தன. ஆணுக்குச் சனி, பெண்ணுக்கு வெள்ளி எனத் தமிழர் முழுக்கு நாளை வேறுபடுத்தியதுண்டு. ஆனால் தேய்க்கும் பொருளை வேறுபடுத்தவில்லை. முஸ்லிம் மக்களிடையேயும் கடமையான குளிப்புக்கும் வுழூவுக்கும் தேவைப்படுவது தூய நீரே; அந்நீர் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று அன்று.

ஆயினும் பழமையைப் பொற்காலமாக்கும் மயக்கமும் நமக்கு வேண்டா. அன்றும் தூய்மை எல்லோருக்கும் பொதுவாயிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் கிணற்றிலே வாளியிட உரிமையின்றி, பிறர் அள்ளி ஊற்றும்வரை காத்து நின்ற கொடுமையை அறியாதார் யார்? கே. டானியல் தமது நாவல் ஒன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டார். நீரை மறுத்துவிட்டு, நீரற்றவனை அழுக்கன் என்று இகழ்வது சாதிச் சமுதாயத்தின் பழைய தந்திரம். இத்தந்திரம் பின்னர் வேறு உடை தரித்து வந்ததை இனிக் காண்போம்.

தமிழகத்தார் சோப்பு என்பதை ஈழத்தில் நாம் சவர்க்காரம் என்கிறோம். சிங்கள மக்கள் ‘சபன்’ என்பர். அது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். நமது சொல்லின் ஈற்றில் ‘காரம்’ நிற்பது கருதத்தக்கது. கொழுப்பும் காரமும் கூடியதே சவர்க்காரம் என்ற இரசாயன உண்மை அதில் அடங்கியிருக்கிறது. பலஸ்தீனத்து நப்லூஸ் நகரில் ஒலிவ் எண்ணெயையும் காரத்தையும் காய்ச்சிச் சவர்க்காரம் செய்யும் கைத்தொழில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருகிறது. 2024ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை மானிடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பதிவுசெய்தது.

கைத்தொழிலைப் பெருந்தொழிலாக்கியவை ஐரோப்பாவின் இரசாயனமும் மூலதனமும் ஆகும். 1791இல் பிரான்சில் லெப்லாங் என்பவர் உப்பிலிருந்து சோடாக் காரம் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். 1823இல் செவ்ரோல் கொழுப்பின் அமைப்பை விளக்கினார். 1853இல் பிரித்தானிய அரசு சவர்க்காரத்தின் மீதிருந்த வரியை நீக்கியது. இவ்வாறு திறந்த பாதையில் வந்தவரே வில்லியம் லீவர். 1884இல் சன்லைட் என்ற பெயரைத் தம் சரக்குக்குச் சூட்டினார். 1888இல் தொழிலாளருக்கென அழகிய குடியிருப்புகளோடு போர்ட் சன்லைட் என்ற ஊரையே உருவாக்கத் தொடங்கினார். அதே ஆண்டிலேயே அவரது பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கின. 1894இல் கார்போலிக் அமிலம் கலந்த செந்நிற லைஃப்பாய் பிறந்தது.

இங்கிலாந்தில் மாதிரி ஊர் கட்டிய அதே கை ஆபிரிக்காவில் என்ன செய்தது? சவர்க்காரத்துக்கு எண்ணெய் வேண்டும். 1911இல் பெல்ஜிய அரசுடன் செய்த உடன்படிக்கையின்படி, கொங்கோவில் 750,000 ஹெக்டேர் வரை செம்பனை நிலத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமை லீவருக்குக் கிடைத்தது. லீவர்வில் என ஓர் ஊரும் எழுந்தது. உயர்ந்த பனைகளில் ஏறிக் குலை வெட்ட ஆள் வேண்டும். விரும்பி வந்தோர் போதாதபோது, குடியேற்ற ஆட்சியின் கரமும் சவுக்கும் ஆள் பிடித்துக் கொடுத்தன. 1931இல் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி துப்பாக்கியால் அடக்கப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். உலகின் அழுக்கைக் கழுவப் புறப்பட்ட சவர்க்காரத்தின் மீது படிந்த இவ்வழுக்கை எதனால் கழுவுவது?

இக்கொள்ளைக்குத் தத்துவமும் வேண்டியிருந்தது. 1899இல் பெயார்ஸ் சவர்க்காரத்துக்கு வந்த விளம்பரமொன்று வரலாற்று மாணவர் அனைவரும் காணத்தக்கது. கப்பல் அறையில் வெள்ளுடை தரித்த கடற்படைத் தளபதி ஒருவர் கைகழுவுகிறார். மூலையிலே கறுத்த மனிதன் ஒருவன் குனிந்து சவர்க்காரத்தைப் பெறுகிறான். இருண்ட உலகுக்குத் தூய்மையைக் கற்பிப்பதே வெள்ளையனின் சுமையைக் குறைக்கும் முதற்படி என்பது அதன் வாசகத்தின் கருத்து. அங்கே கழுவுபவன் ஆண். அதுவும் ஆளும் ஆண். ஆண்மையும் தூய்மையும் அதிகாரமும் ஒரே கண்ணாடியில் தெரிந்த முதற் காட்சிகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

நம் நாடுகள் இதற்கு வாளாவிருக்கவில்லை. முதலாம் உலகப் போரினால் சந்தன மரத்தை ஐரோப்பாவுக்கு அனுப்ப இயலாதபோது, மைசூர் அரசு 1916இல் பெங்களூரில் தன் சவர்க்காரத் தொழிற்சாலையை நிறுவியது. இலங்கையில் லீவர் நிறுவனம் 1938இல் கொழும்பில் கால்கொண்டது. 1941இல் ‘சுவதேசி’ என்ற பெயரையே கொடியாகத் தாங்கிய உள்நாட்டு நிறுவனமும் எழுந்தது. அதன் வேம்புச் சவர்க்காரமான ‘கொஹொம்ப’ மலைநாட்டுக் கடைகளில் இன்றும் பரிச்சயமான சரக்கு. வேம்பையும் சந்தனத்தையும் ஆண் பெண் பேதமின்றி வீடு முழுவதும் தேய்த்துக்கொண்டது.

பேதம் விளம்பரத்தின் வழியாகவே வந்தது. உழைத்து வியர்ப்பவனுக்கும் விளையாட்டு வீரனுக்கும் செந்நிற லைஃப்பாய். திரைப்பட நடிகையின் மேனிக்கு லக்ஸ். 1941இல் இந்தி நடிகை லீலா சிட்னிஸ் லக்ஸ் விளம்பரத்தில் தோன்றினார். ஆபிரிக்காவின் சிம்பாப்வேயில் இதே பிரிவினை நிகழ்ந்த வரலாற்றை ஆராய்ந்த திமோதி பேர்க், 1996இல் வெளியிட்ட தம் நூலுக்கு ‘லைஃப்பாய் ஆண்கள், லக்ஸ் பெண்கள்’ என்ற பொருளிலேயே பெயரிட்டார். ஒரே நிறுவனம் ஒரே குடும்பத்தைப் பிரித்து இரு கட்டிகள் விற்கக் கற்றுக்கொண்டது. அமெரிக்காவிலோ இன்னொரு வித்தையும் பயிலப்பட்டது: உடல் நாற்றம் என்ற அச்சத்தை நோய்போல் பரப்பி, வேலையும் காதலும் அதனாலேயே கைநழுவும் என லைஃப்பாய் விளம்பரங்கள் மிரட்டின. வியர்வை உழைப்பின் அடையாளம் என்ற நிலை மாறி, வெட்கத்தின் அடையாளமாயிற்று.

ஆண்மணம் என்பது எத்துணைப் பொய்யானது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். இன்று ஆண்மையின் உருவகமாய் விற்கப்படும் ஓல்ட் ஸ்பைஸ், 1937இல் முதன்முதலாகப் பெண்களுக்கான மணப்பொருளாகவே சந்தைக்கு வந்தது. மறு ஆண்டே ஆண்களுக்கெனவும் வெளியாயிற்று. 2010இல் அதன் குளியற் சவர்க்காரத்துக்கு வந்த புகழ்பெற்ற விளம்பரத்திலும் நடிகர் விளித்துப் பேசியது பெண்களையே. வீட்டிலே ஆணுக்கு வேண்டியதையும் வாங்குபவள் பெண்ணே என்பதை வணிகர் நன்கறிவர்.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். நாளாந்தக் குளிப்புக்குக் கட்டியா, போத்தலா? போத்தலின் பின்புறத்தே நுண்ணெழுத்தில் உள்ளதைப் படிக்க வேண்டும். முதலாவது பெரும்பாலும் நீர். அடுத்து வருவன செயற்கை நுரைப்பொருட்கள்: சோடியம் லோறெத் சல்பேற்று போன்றன. துணையாக வரும் கொக்காமிடோபுறோப்பைல் பீற்றேன் என்ற நீண்ட பெயரின் தலையில் நிற்பது தேங்காய்! குருநாகலிலும் புத்தளத்திலும் காய்க்கும் அதே தேங்காயின் எண்ணெயே அதற்கும் மூலம். பின்னர் தடிப்பாக்க உப்பு, மணம், நிறம். நீர் நிறைந்திருப்பதால் கெடாமற் காக்கும் பொருளும் அவசியம். ‘ஆண்களுக்கு’ என்ற போத்தலையும் ‘பெண்களுக்கு’ என்ற போத்தலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அழுக்கை நீக்கும் பொருட்கள் பெரும்பாலும் ஒன்றே. மாறுவன மணமும் நிறமும் போத்தலின் வடிவமும்.

நடுநிலை தவறாது சொல்லவேண்டியனவும் உள. கட்டிச் சவர்க்காரம் காரத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு 9 முதல் 10 வரை. தோலின் மேற்பரப்போ சற்று அமிலத்தன்மை வாய்ந்தது. ஏறத்தாழ 5 முதல் 5.5 வரை. நலமான தோல் இவ்வேறுபாட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். வறண்ட தோலும் கரப்பனும் உடையோருக்குக் காரமற்ற மென்மையான கழுவுபொருள் நன்மை தரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரில் கட்டி நுரைக்காது திரளும். செயற்கைப் பொருள் நுரைக்கும். மலைநாட்டு ஊற்று நீரோ மென்னீர். அதில் சாதாரணக் கட்டியே நன்கு நுரைக்கும். ஆணின் தோல் பொதுவாகச் சற்றுத் தடிப்பானது, எண்ணெய்ச் சுரப்பு மிக்கது என்பதும் மெய். ஆனால் அதற்கு வேறொரு சவர்க்காரம் வேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படவில்லை.

கட்டி வாங்குவோர் நோக்கவேண்டியது கொழுப்புப் பொருளின் வீதம். இந்தியத் தரவிதி 76 வீதத்துக்குக் குறையாததை முதல் தரம் என வகுத்திருக்கிறது. ‘கிருமி கொல்லும்’ என்ற வாக்குறுதியைக் கண்டும் மயங்க வேண்டியதில்லை. 2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் திரைக்குளோசான் உள்ளிட்ட 19 பொருட்களைக் கழுவு சவர்க்காரங்களிலிருந்து விலக்கியது. வெறும் சவர்க்காரத்தையும் நீரையும்விட அவை மேலானவை என்பதை உற்பத்தியாளரால் நிறுவ இயலவில்லை. ஒரு போத்தலின் விலைக்குப் பல கட்டிகள் கிடைக்கும். கட்டியோ கடதாசியில் வரும், போத்தல் பிளாஸ்டிக்காய் ஓடையில் மிதக்கும். ஆகவே பெரும்பாலோரின் நாளாந்தத் தேவைக்கு நல்ல கட்டியொன்று போதும் என்பதே என் விடை. அடுத்த வாரம் வகுப்பிலும் இதனையே கூறினேன்.

ஆனால் பின் வாங்கில் இருந்தவனுக்கு இவ்விடை போதாது. நான் பிறகு அவனைத் தனியே அழைத்துப் பேசினேன். அவர்களது லயத்தின் பல குடும்பங்களுக்கும் ஒரே பீலி. விடியற்காலையில் தாய்மார் கொழுந்தெடுக்கச் செல்லுமுன் குடங்களை நிரப்ப வேண்டும். ஆண்பிள்ளைகள் குளிக்கும் முறை வரும்போது பாடசாலைப் பேருந்து போய்விடும். வரட்சி நாட்களில் பீலி நூலாய் ஒழுகும். வீட்டிலுள்ள சவர்க்காரம் ஒன்றே. உடுப்புக்கும் அதுதான், உடம்புக்கும் அதுதான். 2022 செப்தெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்ட காலத்தில் அதுவும் பாதியாய் நறுக்கி வாங்கப்பட்டதாம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் வந்ததே 2021 மார்ச்சில்தான் என்பதை நினைவிற் கொண்டால், இதில் வியப்படைய ஏதுமில்லை.

தூய்மை தனிமனிதனின் நற்குணம் மட்டுமன்று. அது குழாயும் கூலியும் நேரமும் சேர்ந்து விளைவிப்பது. கிணற்றை மறுத்த சாதியும், கொங்கோவில் சவுக்கேந்திய குடியேற்ற ஆட்சியும், கடுநீலப் போத்தலை நீட்டும் சந்தையும் இவ்வுண்மையை மறைப்பதில் ஒன்றுபடுகின்றன. மூன்றும் மனிதனைப் பார்த்துக் கூறுவது ஒன்றே: “குறை உன் உடம்பில் இருக்கிறது.” நானும் அச்சொல்லையே ஒரு பிள்ளையைப் பார்த்துக் கூறினேன். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற எனக்கு, ஒரு சொல் யாரைச் சுடும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது பாடசாலையின் பின்புறத்தே உள்ள குழாயடியில் ஒரு தட்டும் அதில் ஒரு சவர்க்காரக் கட்டியும் இருக்கின்றன. காலையில் முதல் மணி அடிக்குமுன் யார் வேண்டுமானாலும் கைகால் முகம் கழுவலாம், யாரும் கேட்பதில்லை. இது தீர்வன்று என்பதை நானறிவேன். லயத்துக்கு நீர் வரவேண்டும், கூலி உயரவேண்டும், அவற்றுக்கான போராட்டம் ஒரு கட்டியால் முடிவதன்று. ஆயினும் அக்கட்டியைத் தேய்க்கும் கைகளில் கடைக்காரர் மகனின் கையும் உண்டு, கொழுந்தெடுப்பவள் மகனின் கையும் உண்டு, முன் வரிசை மாணவியின் கையும் உண்டு. அதற்கு ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை.